ராசுவின் முதுகில் இல்லாத சுழி

ஒரு மாடுகூட இல்லாத இடத்துக்கு மாட்டுப் பண்ணை என்று பெயர் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மாதவராஜுக்கு அது நிறையவே இருந்தது. தொப்பூர் கணவாய்க்கு மேலே, நெடுஞ்சாலையிலிருந்து மண் பாதையில் ஒரு கிலோமீட்டர் உள்ளே, கரட்டுச் சரிவை வளைத்துக் கம்பி வேலி போட்டு, வாசலில் உடைந்த வண்டிச் சக்கரம் ஒன்றை நட்டு, 'ராஞ்ச்' என்று பலகை மாட்டியிருந்தான். பெங்களூரில் ஏதோ கம்பெனி நடத்திக் கொழுத்த ஆள். தலையில் அகல விளிம்புத் தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ். காற்று திசை மாறிச் சாணி வாசம் வந்தால் மட்டும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வான்.

அந்தச் சரிவில்தான் அதுவரை சுகுணாவின் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வேலி வந்ததும் மேய்ச்சல் போயிற்று. இரண்டு கறவை மாடுகளை எப்படியோ தீனி வாங்கிப் போட்டுச் சமாளித்தாள். ஆனால் ராசுவை என்ன செய்வது? ஐந்து வயதுக் காளை. திமில் எழும்பி, கழுத்து திரண்டு, மூக்கணாங்கயிற்றைப் பிடித்தால் அவளையே இழுத்துக்கொண்டு போகிற வயது. புருஷன் குமார் லாரியோடு மாதத்தில் இருபத்தைந்து நாள் வடக்கே சுற்றுகிறவன். போன மாதம் வந்தபோது அடித்துச் சொல்லிவிட்டான்: "கோயிலுக்காரங்க புடிச்சுக்கிட்டுப் போனா சந்தோசம். இல்லன்னா நான் அடுத்த தடவ வர்றப்ப கேரளா லாரில ஏத்தி வுட்ருவன். நீ ஒண்டியாளு, அது முட்டிக் கெடந்தீன்னா யாரு பாக்கறது?"

கேரளா லாரி என்றால் எங்கே போகும் என்று சுகுணாவுக்குத் தெரியாதா என்ன. கன்றாக இருந்தபோது ராசு இடுப்பு பிடித்துக்கொண்டு பதினாறு நாள் எழுந்திருக்காமல் கிடந்தான். மாட்டு வைத்தியம் பார்க்கிற குப்புராஜ் வந்து, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வட்டமாகச் சூடு வைத்தார். அப்போது தலையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். அந்தச் சூடு வடை அளவு தழும்பாக இரண்டு பக்கமும் நின்றுவிட்டது. அவள் கையில் மாட்டின் மூச்சு பட்ட சூடும் நின்றுவிட்டது. அவனை லாரியில் ஏற்ற அவளால் முடியாது.

மொரப்பூர் தாண்டி ஓர் ஊரில் கோயில் காளை செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊர்ப் பசுக்களைச் சினையாக்குகிற பொலிகாளையும் அதுதான். வேறு காளை தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பெரிய மனுஷர் பெரியண்ணன் மூன்று தடவை ஆட்களோடு வந்து ராசுவைப் பார்த்தார். பல்லைப் பார்த்தார், நடக்க விட்டுப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் உடம்பு முழுக்கத் தடவிச் சுழி பார்த்தார். காளையின் மயிர் எங்கே எப்படிச் சுழிந்திருக்கிறது என்பதில்தான் அவர்களுக்கு ஊரின் தலையெழுத்தே இருக்கிறது. நெற்றிச் சுழிக்குத் தலையாட்டினார். முதுகுத் தழும்பில் விரல் நின்றது.

"இது என்னம்மா?"

"இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க. கன்னுக்குட்டியா இருக்கறப்ப சூடு வெச்சதுங்க."

"நெசந்தான?"

"எங்க குலசாமி மேல சத்தியமுங்க."

சரி என்று வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பத்து நாள் முன்னால்தான் மாதவராஜ் ஆளனுப்பினான். ராஞ்சில் ஓவிய முகாமாம். மாடு வரைகிற ஓவியர்கள் ஏழு பேர் வருகிறார்களாம். வரைவதற்கு மாடு வேண்டுமாம்! பத்து நாள் தீனி அவன் பொறுப்பு என்றதும் சுகுணா ஒப்புக்கொண்டாள். அவள் வீட்டு மேய்ச்சலை வளைத்துப் போட்டவன் பத்து நாளாவது தீனி போடட்டும் என்று ஒரு கணக்கு. ஓட்டி வந்து புளியமரத்தடியில் கட்டினாள். பக்கத்து மரத்தில் ஜெயபாலின் எருது நின்றது. விருந்தாளிகளை ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றி வேலியோரமாக ஒரு சுற்று சுற்றிக் காட்டுவது ஜெயபாலின் வேலை. இரண்டுமே சாம்பல் பூத்த மயிலை நிறம்.

காலையும் மாலையும் ராசுவுக்குத் தண்ணீர் காட்டப் போகிறபோது சுகுணா அந்த ஓவியர்களைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிற்றெரிச்சலும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. ஒருத்தன் மாட்டுக்கு நீலம் பூசினான். கேட்டால் அது மாட்டின் தனிமையாம். ஒருத்தி கண்ணில் மையிட்டு, இமை வளைத்து, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டாள். இன்னொருவன் காதுக்குக் கீழே கொம்பு வைத்தான். விலா எலும்பு எண்ணிப் பார்க்கலாம் போல ஒரு மாட்டை வரைந்து 'வறட்சி' என்று பெயர் எழுதினான் மற்றொருவன். எதிரே நின்ற ராசுவோ ராஞ்சின் சோளத்தட்டைத் தின்று வயிறு புடைத்துப்போய் அசை போட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே எப்படித்தான் அந்த எலும்பை வரைந்தார்களோ!

"ஏங்க, எங்கூட்டு மாடு என்ன தின்னாமயா கெடக்குது? இப்புடி எலும்பும் தோலுமா வரையறீங்க?" என்று கேட்டேவிட்டாள்.

"அது குறியீடுக்கா," என்றான் அவன்.

இவர்களாவது வெயிலில் உட்கார்ந்தார்கள். இவர்களுக்கெல்லாம் தலைவன் போல வந்த ஓவியர் கலைவாணன் அதையும் செய்யவில்லை. வெளிநாட்டிலெல்லாம் படம் மாட்டியவர் என்றார்கள். முதல் நாள் புளியமரத்தடிக்கு வந்து, கைகட்டி, தலை சாய்த்து, இரண்டு நிமிஷம் ராசுவின் கண்ணையே உற்றுப் பார்த்தார். ராசு ஒரு செருமு செருமி முன்காலால் மண்ணைக் கிளறினான். கலைவாணன் திரும்பி நடந்தது நடையா ஓட்டமா என்று ஜெயபாலும் சுகுணாவும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகு அவர் மாடி அறையை விட்டு இறங்கவேயில்லை. அவருடைய உதவியாள் மாடி வராந்தாவில் நின்று செல்போனில் நாலு படம் பிடித்துக்கொண்டு போனான். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் பத்து நாளும் கீழே கேட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் கண்காட்சி. பெங்களூரிலிருந்து ஐந்தாறு கார்கள் வந்து நின்றன. அதே நேரத்தில் பெரியண்ணனும் அவர் ஊர்க்காரர்கள் இருவரும் ஒரு சின்ன லாரியில் வந்து இறங்கினார்கள். கையில் புதுக்கயிறு, சாமந்தி மாலை, மஞ்சள். சுகுணா அவர்களை நேரே புளியமரத்தடிக்கு அழைத்துப்போயிருக்கலாம். விதி, மாதவராஜ் பார்த்துவிட்டான். வேட்டியும் துண்டுமாக அசல் கிராமத்தார் மூன்று பேர் தன் கண்காட்சிக்கு வந்திருக்கிறார்கள் என்றதும் அவன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"வாங்க வாங்க ஐயா! உங்க காளைய எங்க ஆர்ட்டிஸ்ட் எப்படி வரைஞ்சிருக்காருன்னு வந்து பாருங்க!"

கூடத்தின் நடுச்சுவரில் கலைவாணனின் படம் தொங்கியது. ஆள் உயரம். மேலிருந்து பார்த்த கோணத்தில் ராசுவின் முதுகு, திமில், விரிந்த கொம்பு. பெங்களூர்க்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். பெரியண்ணன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டே போனார். முதலில் முகத்தில் சந்தோஷந்தான் இருந்தது. பிறகு கண் முதுகுக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

சுகுணாவும் பார்த்தாள். தழும்பு இருந்த இடத்தில் தழும்பு இல்லை. தழும்பு அசிங்கம் என்று நினைத்தாரோ, படத்துக்கு அழகு போதாது என்று நினைத்தாரோ, அந்த மகராசன் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் தூரிகையை வளைத்து வளைத்து இரண்டு அழகான சுழி போட்டுவைத்திருந்தார். ஒன்றுக்கொன்று நேர் எதிராக இரண்டு சுழி. அதற்குப் பெயர் பாடைச்சுழி. அப்படிச் சுழி உள்ள காளை யாரிடம் இருக்கிறதோ அந்த வீட்டில் பாடை கட்ட வேண்டும் என்பார்கள். ஊருக்குப் பொதுக்காளை என்றால் ஊரில் எத்தனை பாடையோ!

படத்துக்குக் கீழே ஒரு அட்டை. ஆங்கிலத்துக்குக் கீழே தமிழிலும் இருந்ததைப் பெரியண்ணன் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். "சாட்சி. இந்தக் காளையின் எதிரே பத்து நாட்கள் அமர்ந்து, ஒவ்வொரு மயிரையும் கண்ணால் கண்டு வரைந்தது." படித்துவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"ஏம்மா சுகுணா. சூடு வெச்சது நோவுக்கா, இல்ல சுழிய அழிக்கவா?"

"ஐயோ, நோவுக்குத்தானுங்க! நீங்கதான் மூணு வாட்டி தடவிப் பாத்தீங்களே?"

"சுட்டுப்புட்டா வெரலுக்கு என்ன தெரியும்? சந்தையில நடக்காததா? மயிரு மயிராப் பாத்தவருன்னு எழுதியிருக்குதே. பாக்காமயா வரைவாரு?"

சுகுணாவுக்கு அந்த நிமிஷம் ஓவியர் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி பெரியண்ணன் மேலும் வந்தது. உயிரோடு நிற்கிற மாட்டை மூன்று தடவை தலை முதல் வால் வரை தடவிப் பார்த்த மனுஷன், அட்டையில் அச்சடித்த நாலு வரியைப் படித்துவிட்டுத் தன் விரலையே நம்பாமல் போகிறாரே! ஆனால் கோபப்பட இது நேரமில்லை. கூட வந்தவர் புதுக்கயிற்றைச் சுருட்டி மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

கலைவாணன் கூடத்தில்தான் இருந்தார். சுகுணா ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டு, பெரியண்ணனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஐயா, நான் வெளித்தோற்றத்தை வரையறவன் இல்ல. உள்ளே மறைஞ்சிருக்கற உண்மையத்தான் வரையறேன்."

பெரியண்ணன் கூட வந்தவர்களைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? மறைஞ்சிருந்ததத்தான் வரைஞ்சாராம்."

இதைவிடக் கச்சிதமாக ஒரு பெண்பிள்ளையின் தலையில் மண்ணள்ளிப் போட வேறு யாராலும் முடியாது. சுகுணா கலைவாணனைத் தூண் மறைவுக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள்.

"தம்பி, உங்களக் கையெடுத்துக் கும்புடறன். ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அங்க இருந்தது தழும்பு, நான் பாக்கல, அழகுக்குப் போட்டன்னு சொல்லிருங்க. இவங்க கூட்டிக்கிட்டுப் போகலன்னா அது அடிமாட்டுக்குத்தான் போகும்."

"அக்கா, எனக்குப் புரியுது. ஆனா என் சீரிஸோட பேரே 'சாட்சி'. பாக்கலன்னு எப்படிச் சொல்றது? அத்தன பேரும் வந்திருக்காங்க. ஒரு பெரிய ஹோட்டல்ல வாங்கறதா சொல்லியிருக்காங்க." பிறகு, அவளுக்கு ஆறுதல் சொல்கிற குரலில், "இந்த மூடநம்பிக்கையிலிருந்து நீங்கள்லாம் வெளிய வரணும்க்கா," என்றார்.

முதலில் இவர் வரட்டும். வெளியே வந்து, அடிமாட்டு லாரியை நிறுத்தி, அதன் டிரைவருக்குப் பகுத்தறிவு போதிக்கட்டும்! சுகுணாவுக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. கூடத்தின் நடுவே வந்து நின்று, தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்கு எடுக்கிற குரலை எடுத்தாள்.

"சரிங்க! சார் பத்து நாளு எங்க மாட்டுக்கு எதுக்கால உக்காந்தாருங்கறீங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல. அப்ப கீழ வந்து, எங்க ராசு எதுன்னு கைய வெச்சுக் காட்டட்டும். காட்டிட்டாருன்னா அந்தச் சுழியும் நெசம், நான் பொய்க்காரி. இப்பவே ஒத்துக்கறன்."

பெங்களூர்க்காரர்களுக்கு இது நிகழ்ச்சி நிரலில் உள்ள ஏதோ விளையாட்டு என்று பட்டிருக்க வேண்டும். கைதட்டினார்கள். செல்போன்களைத் தூக்கிக்கொண்டார்கள். கலைவாணனுக்கு மறுக்க வழியில்லாமல் போயிற்று. மாதவராஜ் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

இரண்டு புளியமரம், இரண்டு மயிலை மாடு. கலைவாணன் பத்தடி தள்ளி நின்று இடதும் வலதும் பார்த்தார். இரண்டும் முகத்தைக் காட்டி நின்றதால் முதுகு தெரியவில்லை; போய்ப் பார்க்க அவருக்குத் துணிச்சலும் இல்லை. ராசு கண்ணை உருட்டி ஒரு செருமல் விட்டான். ஜெயபாலின் எருதோ தினம் நாலு விருந்தாளி கழுத்தைத் தடவிப் படம் எடுத்துக்கொள்கிற மாடு. யார் வந்தாலும் தலையைக் குனிந்து கொடுக்கும். கொம்பும் அதற்குத்தான் நீளம். அந்தக் கொம்பு அழகாக இருந்ததாலோ, அது சாதுவாக நின்றதாலோ, கலைவாணன் நேரே அதனிடம் போனார். நெற்றியில் கை வைத்தார். கண்களை மூடினார்.

"ராசு," என்றார், குரல் தழுதழுக்க.

ஜெயபால்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"சார், அது என்னுதுங்க. அது காளையே இல்லிங்க. காயடிச்சு ஆறு வருசமாச்சு."

பெரியண்ணன் கூட வந்தவர்களில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்துத் துண்டால் வாயைப் பொத்தி, அதுவும் போதாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெயபால் எருதின் பின்னால் போய் மறைந்துகொண்டு சிரித்தான். தமிழ் தெரியாத பெங்களூர்க்காரர்களும் எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தார்கள். கலைவாணன் கையை எருதின் நெற்றியிலிருந்து எடுப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார். சுகுணாவுக்குக் கொஞ்சங்கூட இரக்கம் வரவில்லை. வரவில்லை என்பதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

பெரியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ராசுவிடம் போய், அந்த இரண்டு தழும்பிலும் மறுபடி விரல் வைத்து அழுத்திப் பார்த்தார்.

"செரி. அந்தாளு மாட்டையே பாக்கல. பாக்காதவன் போட்ட சுழி கணக்குல வராது," என்றார். "ஆனா அந்தப் படம் இங்க தொங்குதே. நாளைக்கு எவனாவது பாத்துட்டு வந்து ஊருல வாய வெச்சான்னா, ஒரு கெழவன் இருமுனாக்கூட என்னத்தான் புடிப்பாங்க. அத அழிச்சுருங்க."

"அழிக்கறதா? அது வித்தாச்சுங்க!" என்று மாதவராஜ் பதறினான்.

"அப்ப அதுலயே எழுதச் சொல்லுங்க, இது இந்தம்மா மாடு இல்லைன்னு. எழுதுனா மாடு வண்டியில ஏறும். எழுதலைன்னா நாங்க வெறுங்கையோட போறம்."

சுகுணா கலைவாணனைப் பார்த்தாள். அத்தனை செல்போன்களும் இன்னும் தூக்கியபடியே இருந்தன. அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். கறுப்புச் சாயத்தில் தூரிகையைத் தோய்த்து, படத்தின் அடியில் கோணல்மாணலாக எழுதினார்: 'இது சுகுணாவின் காளை அல்ல.'

பெரியண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். தலையாட்டினார். பையிலிருந்து புதுக்கயிறு மறுபடி வெளியே வந்தது. கூட வந்தவர் மாலையை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு நடந்தார்.

அப்போதுதான் கதர்ப்புடவை கட்டிய ஒரு பெங்களூர் அம்மாள் படத்தின் முன்னால் வந்து நின்று, அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாதவராஜ் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். கூட்டத்தைக் கூப்பிட்டாள். கூட்டம் வந்து சூழ்ந்துகொண்டு, அந்த ஒரு வரியைப் பார்த்து உச்சுக்கொட்டியது, பெருமூச்சு விட்டது. ஒரு மனிதன் ஒரு உயிருக்கு உரிமை கொண்டாட முடியாது என்று இதைவிட ஆழமாக யார் சொல்ல முடியும் என்று அந்த அம்மாள் கண் கலங்கக் கேட்டாள். கலைவாணன் ஒரு விநாடி திகைத்தார். ஒரே விநாடிதான். பிறகு கை கூப்பி, தலை குனிந்து, பத்து நாள் யோசனையில் கடைசியாகக் கிடைத்த வரி அது என்றார்.

சுகுணா என்பவள் இவள்தான் என்று யாரோ காட்டிக்கொடுக்க, அந்த அம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். படத்துக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி ஒரு போட்டோ வேண்டுமாம். மாதவராஜ் இளித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்.

"அதுலயே எழுதியிருக்குதில்லிங்க, அது எங்கூட்டு மாடு இல்லைன்னு," என்றாள் சுகுணா. "ஊரான் மாட்டுப் பக்கத்துல நான் எதுக்கு நிக்கோணும்?"

கையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் மாதவராஜ் அதையும் மொழிபெயர்ப்பதும், அதற்கும் அவர்கள் 'ஆகா' என்பதும் கேட்டது. இவர்களைத் திட்டுவதுகூட வீண் என்று அவளுக்குத் தோன்றியது. திட்டினால் அதையும் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள்.

ராசுவை வண்டியில் ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டது. அவள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முன்னால் ஏறிய பிறகுதான் அவனும் ஏறினான். பழைய கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பெரியண்ணன் புதுக்கயிறு கட்டினார். மாலை போட்டார். மாலையில் நாலு சாமந்தியை ராசு அங்கேயே தின்றுவிட்டான்.

மண் பாதை முடிகிற இடம் வரை சுகுணா வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள். நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தன. சேலத்துக்கும் கேரளாவுக்கும் போகிறவை. பெரியண்ணனின் வண்டி சாலையோரம் நின்று, இடைவெளிக்குக் காத்திருந்தது. அவள் நின்று பார்த்தாள். அவர் வாக்கில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பார்த்தாள். வண்டி அந்த லாரிகளோடு சேரவில்லை. சாலையைக் கடந்து, தருமபுரிப் பக்கம் திரும்பி, மேடேறிப் போயிற்று. அதன் பிறகுதான் அவள் அழுதாள்.